ஓஹையோவின் கருஞ்சதுப்பு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேளாண் பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பல்கலைக்கழக வினாடி வினா அணிக்காக இளைஞர் வேளாண் மன்றங்கள், ஈரநிலங்கள் பற்றிச் சேர்த்த குறிப்புகளை இணைத்துள்ளேன். ஆண்டுகளும் பெயர்களும் மனதில் நிற்பதில்லை. எளிய வழி உண்டா? இதெல்லாம் வீண்வேலை என்று விடுதி நண்பர்கள் கேலி செய்கிறார்கள்.

க.

அன்புள்ள க.,

கேலியை விடுங்கள். விடுதியில் எதைச் செய்தாலும் கேலி பேச நாலு பேர் இருப்பார்கள்.

உங்கள் குறிப்புகளைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. அமெரிக்க இளைஞர் வேளாண் மன்றத்துக்கு ‘4-ஹெச் தொடக்கம்: 1902, ஓஹையோ’ என்று ஒரு பக்கம். ஈரநிலங்களைக் காக்கும் உலக ஒப்பந்தத்துக்கு ‘ராம்சர் ஒப்பந்தம்: பிப்ரவரி 2, 1971, ஈரான்’ என்று எங்கோ வேறொரு பக்கம். இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று யார் சொன்னது உங்களுக்கு? சில வாரங்களாக அந்த ஓஹையோ மாநிலத்தைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

1902இல் அங்கே கிளார்க் கவுண்டி என்ற மாவட்டத்தில் பள்ளிக் கண்காணிப்பாளராக இருந்த ஏ. பி. கிரஹாம், சிறுவர்களைக் கூட்டி மக்காச்சோளம் வளர்க்கவும், லிட்மஸ் தாளால் மண்ணின் அமிலத்தன்மையைச் சோதிக்கவும் பழக்கினார். புதிய சாகுபடி முறைகளைப் பெரியவர்கள் லேசில் ஏற்பதில்லை. பிள்ளைகள் விளைவித்துக் காட்டினால் திரும்பிப் பார்ப்பார்கள் என்பது அக்கால மன்றங்களின் எண்ணம். அருமையான எண்ணம். மன்றத்தின் பெயரில் உள்ள நான்கு ஹெச் எவை என்பது போட்டிக்கு வரும் எல்லோருக்கும் தெரியும், அதில் நேரம் செலவிடாதீர்கள்.

அந்த மாநிலத்தின் வடமேற்கில் அதற்கு முன்பே வேறொன்று நடந்து முடிந்திருந்தது. வண்டிகள் புதைந்துபோகும் பெரும் கருஞ்சதுப்பு அங்கே கிடந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வாய்க்கால் வெட்டி, சுட்ட மண்குழாய்களைப் புதைத்து அதை வடித்தார்கள். கொழுத்த வயல்கள் கிடைத்தன. இன்று அந்த வயல்களின் பாஸ்பரஸ், மாமி என்ற ஆற்றில் இறங்கி ஈரி ஏரிக்குப் போய்ச் சேர்கிறது. 2014 ஆகஸ்டில் அந்தப் பாஸ்பரஸை உண்டு ஏரியில் நச்சுப்பாசி பெருகி, டொலிடோ நகர மக்கள் குழாய் நீரைக் குடிக்கக் கூடாது என்று அறிவிக்க வேண்டிவந்தது. கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது.

சதுப்பு என்ன செய்யும் என்பதை எனக்குக் காட்டியவர் எங்கள் பேராசிரியை ஒருவர். குறிப்பேடுகளைப் பையில் வைக்கச் சொல்லிவிட்டு, சேற்றில் குழாயை இறக்கி மண்ணை எடுத்து எங்கள் கையில் வைத்தார். சாம்பல் நிறம், அழுகிய முட்டை வாடை. வேர் ஓடிய தடத்தில் மட்டும் மெல்லிய துருக்கோடு. நீர் தேங்கிய மண்ணில் ஆக்சிஜன் இல்லாததால் இரும்பு தன் செந்நிறத்தை இழக்கிறது. வேரிலிருந்து கசியும் ஆக்சிஜன் படும் இடத்தில் மட்டும் துருப்பிடிக்கிறது. அதே மூச்சுமுட்டும் மண்ணில்தான் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை வாயுவாக்கிக் காற்றில் விடுகின்றன; பாஸ்பரஸ் வண்டலோடு படிகிறது. இதைக் கையில் பிடித்துப் பார்த்தவனுக்கு டொலிடோவில் நடந்தது ஏன் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. நீங்களோ விவசாயம் படித்துக்கொண்டு, சேற்றில் கால் வைக்காமல், ஆண்டுகளை உருப்போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்!

இன்னும் ஒன்று. ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் வில்லியம் மிட்ச் 1994இல் ஓலன்டாஞ்சி ஆற்றோரம் இரண்டு செயற்கைச் சதுப்புகளை அமைத்தார். ஒன்றில் செடிகளை நட்டார். மற்றதை இயற்கையிடம் விட்டுவிட்டார். சில ஆண்டுகளில் இரண்டும் பெரும்பாலும் ஒன்றுபோலவே இயங்கின. 2008இல் அந்த இடம் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பல்கலைக்கழகத்தைப் பற்றிய உங்கள் பக்கத்தில் கட்டடங்களும் கால்பந்து அணியும்தான் இருக்கின்றன, இது இல்லை.

1902, 1971, 1994, 2008, 2014. எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில், ஒரே கதையாக எழுதுங்கள். மற்ற பக்கங்களையும் அப்படியே திருத்தி அனுப்புங்கள், போட்டிக்கு முன் படித்துவிடுகிறேன்.