வாசகர் கேள்விகள்: குங்ஃபூ படம் கேம் ஆகும்போது

கேள்வி: ஜாக்கி சானின் 'வீல்ஸ் ஆன் மீல்ஸ்' படத்தை வைத்து அந்தக் காலத்திலேயே வீடியோ கேம் வந்ததாமே? தேடிப் பிடித்து விளையாடினேன். படத்துக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பேருக்குப் பண்ணிவிட்டார்களா?
– திண்டுக்கல் வாசகர்

பதில்: கதையை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். 1984-ல் சம்மோ ஹுங் இயக்கிய படம் அது. பார்சிலோனாவில் வேனில் உணவு விற்கும் இரண்டு நண்பர்கள், கூட ஒரு துப்பறிவாளர், கடத்தப்பட்ட சில்வியா என்ற பெண்ணை மூன்று பேரும் கோட்டைக்குள் புகுந்து மீட்பதுதான் கதை. ஜப்பானில் படத்துக்கு 'ஸ்பார்டன் எக்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். அதே ஆண்டு அதே பெயரில் ஐரெம் நிறுவனம் ஆர்கேட் கேமை, அதாவது கடையில் காசு போட்டு விளையாடும் கேமை, இறக்கியது. வெளிநாடுகளுக்கு அது 'குங்ஃபூ மாஸ்டர்'. கேமில் மிச்சம் இருப்பது தாமஸ் (படத்தில் ஜாக்கி சானின் பெயர்), சில்வியா என்ற இரண்டு பெயர்கள். இன்னொரு நண்பனாக நடித்த யுவென் பியாவ் இல்லை, துப்பறிவாளராக நடித்த சம்மோ ஹுங் இல்லை, பார்சிலோனாவும் இல்லை.

ஆனாலும் பேருக்குப் பண்ணியது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஐந்து மாடிக் கட்டடம், மாடிக்கு ஒரு பெரிய ஆள், ஒருவனை வீழ்த்தினால்தான் அடுத்த மாடிக்குப் படி ஏற முடியும். இந்த அமைப்பைப் பார்த்தால் புரூஸ் லீதான் ஞாபகத்துக்கு வருவார். 'கேம் ஆஃப் டெத்' படத்துக்காக 1972-ல் அவர் எடுத்த சண்டைகளும் இப்படித்தான், கோபுரத்தில் ஒவ்வொரு தளத்திலும் ஒவ்வொரு வித்தைக்காரன். 1973-ல் அவர் இறந்துபோனார், படம் வேறொருவர் கையில் முடிந்து 1978-ல்தான் வெளிவந்தது. பெயரை ஜாக்கி சானிடம் வாங்கிக்கொண்டு எலும்புக்கூட்டை புரூஸ் லீயிடம் எடுத்துக்கொண்ட மாதிரிதான் கேம் இருக்கிறது.

அடுத்த தடவை விளையாடும்போது முதல் மாடியைக் கவனியுங்கள். ஆட்கள் வெறுங்கையோடு ஓடிவந்து உங்களைக் கட்டிப்பிடிப்பார்கள், அடிக்கவே மாட்டார்கள், ஆனால் பிடித்திருக்கும் நேரமெல்லாம் உயிர்க்கோடு கரைந்துகொண்டே போகும், ஜாய்ஸ்டிக்கை இடமும் வலமும் உலுக்கி உதறினால்தான் விடுவார்கள். அந்த உலுக்கலில் உங்கள் தோள் நிஜமாகவே அசையும். படம் பார்க்கிறவன் நாற்காலியில் தன்னை அறியாமல் நெளிவான் பாருங்கள், அந்த நெளிவை கேமின் விதியாகவே ஆக்கிவிட்டார்கள். இதை வடிவமைத்த தகாஷி நிஷியாமாதான் பிறகு கேப்காம் என்ற கேம் நிறுவனத்துக்குப் போய் 1987-ல் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' முதல் பாகத்தை உருவாக்கினார். பெரிய ஆளோடு நேருக்கு நேர் நின்று மோதும் சண்டைதான் முழு ஆட்டமாக அங்கே வளர்ந்தது.

படத்திலிருந்து வராமல் போனதில் எனக்கு வருத்தம் தருவது ஒன்றே ஒன்று. கோட்டைக்குள் ஜாக்கி சானும் பென்னி உர்கிடெஸும் மோதும் காட்சி. உர்கிடெஸ் நிஜமான கிக் பாக்ஸிங் சாம்பியன். அவர் சுழற்றிவிட்ட ஒரு உதையின் காற்றிலேயே வரிசையாக எரியும் மெழுகுவர்த்திகள் அணைந்துபோகும்! அடி ஆள் மேல் படவில்லை, ஆனால் பட்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. எதிரியின் பலத்தை அடி விழும் முன்பே காட்டும் அந்த வித்தை அன்றைய இயந்திரத்தில் முடியாது. இன்றைக்குத் தாராளமாக முடியும்.

கேள்வி: நடிகரின் முகத்தையும் குரலையும் அப்படியே கொண்டுவந்தால் கேம் ஓடிவிடாதா?
– சேலம் வாசகி

பதில்: முகம் வாங்க வைக்கும், அவ்வளவுதான். 2007-ல் வந்த 'ஸ்ட்ராங்கிள்ஹோல்ட்' கேமில் ஹாங்காங் நடிகர் சோ யுன்-ஃபாட்டின் முகமும் உண்டு, குரலும் உண்டு. இயக்குநர் ஜான் வூ அவரை வைத்து எடுத்த 'ஹார்ட் பாயில்ட்' படத்துக்குத் தொடர்ச்சி அது. குங்ஃபூ இல்லை, துப்பாக்கிச் சண்டைதான், ஆனாலும் உங்கள் கேள்விக்குப் பொருந்தும். அதில் எனக்குப் பிடித்தது முகம் இல்லை, படிக்கட்டுக் கைப்பிடியில் சறுக்கிக்கொண்டே மெதுவான வேகத்தில் சுட முடிவதுதான்.

கேள்வி: உங்களைக் கேட்டால் எந்தப் பழைய படத்தை கேமாக எடுக்கச் சொல்வீர்கள்?
– நாகர்கோவில் வாசகர்

பதில்: 'ஷாவ்லினின் 36-வது அறை'. யோசிக்கவே வேண்டாம். லாவ் கார்-லியுங் இயக்கி, கோர்டன் லியு நடித்து 1978-ல் வந்தது. படத்தின் பெரும்பகுதி பயிற்சிதான், அறை அறையாக. சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் வழியில் தண்ணீர், அதில் மிதக்கும் கட்டைகள் மேல் கால் வைத்துத் தாண்டினால்தான் சோறு. அப்புறம் இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி வாளிகளைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும், மேற்கையில் கத்தி கட்டியிருக்கும், கை தாழ்ந்தால் விலாவில் குத்தும்.

ஆனால் தயவுசெய்து பயிற்சியை ஒரு பட்டன் தட்டலாகவும், 'பலம் கூடியது' என்ற அறிவிப்பாகவும் சுருக்கிவிடக் கூடாது. கற்றுக்கொள்ள வேண்டியது விளையாடுகிறவரின் விரல்கள். 2022-ல் வந்த 'சிஃபு' கேமில் செத்து எழும் ஒவ்வொரு தடவையும் நாயகனுக்கு வயது ஏறும், ஆனாலும் முதல் நாள் திணறிய அதே சண்டையை சில வாரம் கழித்து இளமையாகவே முடித்துவிட்டு வருவோம். அந்தப் பொறுமையோடு யாராவது வாளி அறையை எடுக்கட்டும். இரண்டு கைக்கும் கன்ட்ரோலரின் இரண்டு குச்சி, தாழவிடாமல் பிடிக்க வேண்டும், மேலே ஏற ஏற கன்ட்ரோலர் நடுங்க வேண்டும். அது வந்தால் முதல் ஆளாக நான் வாங்குவேன்.