நீர்ப்பிரம்மி வாங்குமுன்: பொடியில் தெரியாதது இலையில் தெரியும்

இந்த முறை எல்லாக் கேள்விகளும் ஒரே செடியைப் பற்றியவை. குளக்கரை, வயல் வாய்க்கால் என்று ஈரம் வற்றாத இடங்களில் தரையோடு படரும் நீர்ப்பிரம்மி. விரல் நகம் அளவுக்குத்தான் இலை. அதைச் சுற்றி நடக்கும் வியாபாரம் மட்டும் பெரிது.

கேள்வி: மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். ஆன்லைனில் "பிரம்மி பொடி" வாங்கினேன். பிரித்துப் பார்த்த மாமியார், இது வல்லாரை என்கிறார். நாட்டு மருந்துக் கடையில் கேட்டால், "ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்கிறார்கள். யார் சொல்வது சரி? (வாசகி, திருச்சி)

பதில்: கடைக்காரர் சொன்னது சரியில்லை. இரண்டும் வேறு வேறு குடும்பத்துச் செடிகள். ஆனால் குழப்பத்துக்குக் காரணம் அவர் மட்டும் இல்லை. வட இந்தியாவில் பல இடங்களில் வல்லாரையையே பிரம்மி என்று விற்கிறார்கள். அங்கே அரைத்துப் பாக்கெட் போட்டது இங்கே வரும்போது அதே பெயரோடுதான் வரும். இந்திய ஆயுர்வேத மருந்தியல் நூல் இதில் தெளிவாக இருக்கிறது: பிரம்மி என்றால் பகோபா மொன்னியேரி, அதாவது நம் நீர்ப்பிரம்மி. வல்லாரை சென்டெல்லா ஏசியாட்டிகா; அதற்கு அந்த நூலில் மண்டூகபர்ணி என்று பெயர்.

பச்சையாகப் பார்த்தால் யாரும் ஏமாற வழியில்லை. வல்லாரைக்கு நீளமான காம்பு, அதன் நுனியில் விளிம்பு வெட்டுப்பட்ட வட்ட இலை. நீர்ப்பிரம்மிக்குக் காம்பே கிடையாது. தண்டின் இரு பக்கமும் எதிரெதிராக, கரண்டி வடிவில், சதைப்பற்றான குட்டி இலைகள். நரம்பு கண்ணுக்குத் தெரியாது. பூ வெள்ளை அல்லது வெளிர் ஊதா. வாயில் வைத்தால் நல்ல கசப்பு. தரைக்கீரையும் தூரத்தில் இதே மாதிரி தோன்றும். ஆனால் அதன் பூ மஞ்சள், இலை லேசாகப் புளிக்கும்.

அரைத்துவிட்டால் இந்த அடையாளம் எதுவும் மிஞ்சாது. பச்சைப் பொடி பச்சைப் பொடிதான். மாமியாரின் மூக்கை நான் மதிக்கிறேன், ஆனாலும் உறுதியாகச் சொல்ல ஆய்வகம் வேண்டும். அதனால் என் யோசனை, இனிமேல் பொடியாக வாங்காதீர்கள். தண்டும் இலையுமாகக் காய வைத்த முழுச் சருகைக் கேட்டு வாங்குங்கள். ஒரு கொத்தை வெந்நீரில் கொஞ்ச நேரம் ஊறப் போட்டால் இலை விரியும். எதிரெதிர் இலையா, வட்ட இலையா என்று பார்த்துவிடலாம். அப்புறம் வீட்டு மிக்சியில் அரைத்துக்கொள்ளுங்கள்.

கையில் இருக்கும் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். ஆயுர்வேத, சித்த மருந்தாக விற்றால் தயாரிப்பு உரிம எண்ணும் மூலிகையின் தாவரவியல் பெயரும் லேபிளில் இருக்க வேண்டும். பிரம்மி என்று விற்றுவிட்டு உள்ளே சென்டெல்லா என்று அச்சிட்டிருந்தால் உங்கள் வேலை சுலபம். லேபிளையும் ஆன்லைன் பக்கத்தையும் படம் எடுத்து விற்றவருக்கு அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 ஆண்டு அவகாசம் உண்டு, பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் கிடையாது. ஒரு பொடி பாக்கெட்டுக்கு அவ்வளவு தூரம் போவீர்களா என்பது உங்கள் பொறுமையைப் பொறுத்தது.

கேள்வி: "ஞாபக சக்தி" என்று பெரிதாகப் போட்ட பிரம்மி கேப்சூல் நல்ல விலை. பொடியைவிட உசத்தியா? தேர்வுக்கு முன்னால் கொடுக்கலாமா? (வாசகர், மதுரை)

பதில்: கேப்சூலில் இரண்டு வகை. ஒன்று வெறும் பொடியை அடைத்தது. இன்னொன்று சாறு எடுத்துச் செறிவாக்கியது. அதில் பாக்கோசைடு, அதாவது இந்தச் செடியின் முக்கிய வேதிப்பொருள், எத்தனை சதவீதம் என்று எழுதியிருப்பார்கள். வெறும் "500 மி.கி." என்று மட்டும் இருந்தால் நீங்கள் அதிக விலைக்குப் பொடி வாங்குகிறீர்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் செடியை லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் நெடுங்காலம் ஆராய்ந்திருக்கிறது. வெளிநாட்டிலும் மனிதர்களிடம் சோதனைகள் நடந்திருக்கின்றன. பெரியவர்களுக்குத் தினமும் 300 மி.கி. அளவில் சாறு, 12 வாரம் என்ற கணக்கில் நடந்தவை அவற்றில் பல. கிடைத்த பலன் மிதமானது. ஆகவே தேர்வுக்கு முந்தின வாரம் வாங்கிக் கொடுப்பது பணத்துக்குக் கேடு. குமட்டல், வயிற்றுப் பிடிப்பு, அடிக்கடி வெளிக்குப் போவது என்பவை அதே சோதனைகளில் பதிவான தொல்லைகள்; பரீட்சை அறையில் அது வேறு வேண்டுமா? பிள்ளைகள், கர்ப்பிணிகள், தைராய்டுக்கோ தூக்கத்துக்கோ மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

இன்னொன்று. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணோடு ஊட்டச்சத்துப் பொருளாக விற்பவர்கள், மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல என்று லேபிளில் அச்சிட்டே ஆக வேண்டும். டப்பாவின் முன்பக்கம் மூளைப் படம், பின்பக்கம் பொடி எழுத்தில் இந்த வாசகம். பின்பக்கத்தை நம்புங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் வாய்க்காலில் சும்மாவே படர்ந்து கிடக்கிறது. எதற்குக் காசு கொடுக்க வேண்டும்? (வாசகர், கும்பகோணம்)

பதில்: வாய்க்காலில் என்ன தண்ணீர் ஓடுகிறது என்பதுதான் கேள்வி. இந்தச் செடி தண்ணீரில் உள்ள காட்மியம், ஈயம் போன்ற உலோகங்களை இழுத்து உடம்பில் வைத்துக்கொள்ளும். கழிவுநீரைச் சுத்தப்படுத்த உதவுமா என்று ஆராயும் அளவுக்கு அந்தக் குணம் உண்டு. சாக்கடையோ ஆலைக் கழிவோ கலக்கும் இடத்தில் பறித்ததைத் தின்னாதீர்கள். கழுவினாலும் காய வைத்தாலும் உலோகம் போகாது. விலைக்கு வாங்கும் சருகுக்கும் இதே சந்தேகம் பொருந்தும். எங்கே விளைந்தது என்று கேளுங்கள், கன உலோகச் சோதனை அறிக்கை இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

வாய்க்காலில் பத்துத் தண்டு கிள்ளி வந்து வீட்டில் நல்ல தண்ணீரில் வளர்த்து, புதிதாக வந்த தளிர்களை மட்டும் பயன்படுத்தலாமே.

கேள்வி: நர்சரியில் "சக்குலன்ட்" வரிசையில் வைத்திருந்ததை வாங்கினேன். அவர்கள் சொன்னபடி வாரம் ஒருமுறை தண்ணீர் விட்டேன், கருகிவிட்டது. விதை ஆன்லைனில் கிடைக்கிறது, வாங்கட்டுமா? (வாசகி, கோவை)

பதில்: இலை தடித்திருப்பதைப் பார்த்துக் கள்ளிச்செடியோடு வைத்துவிட்டார்கள். இது சேற்றுச் செடி. ஓட்டை இல்லாத தொட்டியில் களிமண் போட்டு, மேலே விரல் அளவு தண்ணீர் நின்றாலும் சந்தோஷமாக வளரும். நல்ல வெயில் வேண்டும். கொசு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

விதை வாங்காதீர்கள். தூசி மாதிரி இருக்கும், என்ன விதை என்று உங்களால் சொல்லவே முடியாது. கணுவோடு ஒரு துண்டுத் தண்டு போதும், ஈரமண்ணில் தானே வேர் விடும். ஒரே ஒரு செடி வாங்கினால் அடுத்த மாதம் பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம்.

கேள்வி: மீன் தொட்டிக்கு "பகோபா" என்று வாங்கினோம். அதைச் சமைக்கலாமா? (வாசகர், சென்னை)

பதில்: வேண்டாம். அலங்காரத்துக்கு விற்கும் செடிக்கு நத்தை மருந்தோ வேறு ரசாயனமோ போட்டிருக்கலாம். மேலும் அந்தக் கடைகளில் பகோபா கரோலினியானா என்ற அமெரிக்க இனமும் சகஜம். இலையைக் கசக்கினால் எலுமிச்சை வாடை வந்தால் அதுதான். மீன்களுக்கே இருக்கட்டும்.