கல்யாண வீடியோ எடிட்டருக்கு: சந்தா கட்டுவதா, டாவின்சிக்கு மாறுவதா?

கேள்வி: தஞ்சாவூர் பக்கம் கல்யாண வீடியோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். வெட்டுவதற்கு இன்னும் அடோபியின் பிரீமியர் சிஎஸ்6 மென்பொருள்தான். புதுக் கேமராவின் ஹெச்.265 (வீடியோவைச் சுருக்கிப் பதியும் முறை) கோப்புகள் அதில் திறக்கவில்லை, கன்வெர்ட் செய்தே பாதி நாள் போய்விடுகிறது. பார்ட்டிகள் ரீல்ஸும் கேட்கிறார்கள். மாதச் சந்தா கட்டி புது பிரீமியருக்குப் போவதா, டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளுக்கு மாறுவதா?

பதில்: டாவின்சிக்கு மாறுங்கள். முகூர்த்தம் இல்லாத ஆடியில் மாறுங்கள். அடோபியின் அனிமேஷன் மென்பொருளான ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் டெம்ப்ளேட்களை வைத்தே உங்கள் பாட்டும் டைட்டிலும் ஓடுகிறது என்றால் மட்டும் சந்தா கட்டுவதில் அர்த்தம் உண்டு.

உங்கள் சிஎஸ்6 கெட்டுப்போகவில்லை. அது வந்தது 2012இல். அதற்குப் பின் வந்த பிரீமியர் பதிப்புகளை 2013 முதல் அடோபி சந்தாவில் மட்டுமே தருகிறது, ஒரு தடவை பணம் கட்டி வாங்க முடியாது. ஹெச்.265 பிரீமியருக்குள் வந்தது 2015 பதிப்பில்தான், அதாவது நீங்கள் நின்ற இடத்தைத் தாண்டி. டிவிடி போட நீங்கள் பயன்படுத்தியிருக்கக்கூடிய என்கோர் மென்பொருளும் சிஎஸ்6ஓடு நின்றது.

எந்த மென்பொருளை எடுத்தாலும் முதலில் பார்க்க வேண்டியது, அதைச் செய்பவருக்குக் காசு எங்கிருந்து வருகிறது என்பதைத்தான். அடோபிக்குச் சந்தாதான் வருமானம். அதனால் விடாமல் புது வசதி காட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. ஆப்பிளுக்கு மேக் விற்க வேண்டும், எனவே அதன் எடிட்டிங் மென்பொருளான ஃபைனல் கட் விண்டோஸுக்கு வருவதில்லை. பிளாக்மேஜிக் நிறுவனம் கேமராவும் கன்ட்ரோல் பேனல்களும் விற்கிறது. அதனால்தான் 2009இல் டாவின்சியை வாங்கி, ஒரு காலத்தில் லட்சக்கணக்கான டாலர் விலையில் இருந்த கலர் கரெக்‌ஷன் கருவியை 2011இல் இலவசப் பதிப்பாகவே தர முடிந்தது. அப்புறம் எடிட்டிங்கை வளர்த்தார்கள். 2017இல் ஆடியோவுக்கு ஃபேர்லைட், 2018இல் எஃபெக்ட்ஸுக்கு ஃபியூஷன் என்று ஒவ்வொன்றாக உள்ளே சேர்த்தார்கள். காசு கொடுத்து வாங்கும் ஸ்டூடியோ பதிப்பின் அமெரிக்க விலை 295 டாலர், ஒரே தடவை. இதுவரை வந்த பெரிய பதிப்புகளுக்கு மறுபடி பணம் கேட்கவில்லை.

ஆனால் நிறுவனம் தன் சந்தையைப் பார்த்துத் திரும்பும்போது எடிட்டர் நடுரோட்டில் நிற்க நேரும் என்பதையும் மறக்க வேண்டாம். 2011 ஜூனில் ஆப்பிள் ஃபைனல் கட் ப்ரோ எக்ஸை வெளியிட்டபோது அது பழைய ஃபைனல் கட் 7 ப்ராஜெக்டுகளைத் திறக்கவில்லை. பல கேமராப் பதிவுகளைச் சேர்த்து வெட்டும் மல்ட்டிகேம் கிடையாது. தாலி கட்டும் நேரத்தை மூன்று கேமராவில் எடுத்து, கெட்டிமேளச் சத்தத்தை வைத்து மூன்றையும் சேர்த்து வெட்டுகிற நமக்கு மல்ட்டிகேம் இல்லையென்றால் கை ஒடிந்த மாதிரி. 2012 ஜனவரியில்தான் அது திரும்பி வந்தது. அதற்குள் பலர் பிரீமியருக்கும் அவிட் என்ற இன்னொரு எடிட்டிங் மென்பொருளுக்கும் போய்விட்டார்கள். வரப்போகிற வசதியை நம்பி மாறாதீர்கள். இன்று கையில் இருப்பதை வைத்து முடிவெடுங்கள்.

அடுத்தது கம்ப்யூட்டர். ஹெச்.265 கோப்பில் எல்லா ஃபிரேமும் முழுதாக இருக்காது. பெரும்பாலானவை பக்கத்து ஃபிரேமிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்பு மட்டுமே. டைம்லைனில் நீங்கள் முன்னும் பின்னும் இழுக்கும்போது கம்ப்யூட்டர் ஒவ்வொன்றையும் கணக்குப் போட்டு உருவாக்குகிறது. உங்கள் கேமரா நிற விவரம் கூடுதலாக இருக்கும் 4:2:2, 10 பிட்டில் எடுத்தால் பாரம் இன்னும் கூடும். இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் வரும் உள்கிராஃபிக்ஸ் அதைத் தாங்கும். ப்ராசஸர் பெயர் ‘எஃப்’ என்று முடிந்தால் உள்கிராஃபிக்ஸே இல்லை, கடையில் கவனித்து வாங்குங்கள். என்விடியா கார்டுகளில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் 4:2:2க்கு வழி வந்தது. விலை கூடிய கார்டு போட்டும் திக்குகிறது என்று பலர் புலம்புவதற்குக் காரணம் இதுதான். புது மெஷின் வாங்க வசதியில்லையா, ப்ராக்ஸி, அதாவது எடை குறைந்த நகல் கோப்புகள் போடுங்கள். ராத்திரி ஓடவிட்டால் காலையில் சிறிய கோப்புகள் தயாராக இருக்கும். வெட்டுவது அதில், கடைசி ரெண்டர் அசலில்.

டாவின்சியின் இலவசப் பதிப்பு எல்லா 10 பிட் கோப்புகளையும் ஒரே மாதிரி ஏற்பதில்லை. இருட்டில் விழும் புள்ளிகளைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷனும் அதில் கிடையாது, மங்கலான மண்டபங்களில் அதன் அருமை தெரியும். உங்கள் கேமராவின் ஒரு கிளிப்பைப் போட்டுப் பாருங்கள். ஓடவில்லை என்றால் ஸ்டூடியோ பதிப்பு வாங்குவது நியாயமான செலவு. கூடவே டைட்டிலில் ‘சௌபாக்கியவதி’, ‘ஸ்ரீ’, ‘கோ’ என்று யூனிகோடில் அடித்து, கொம்பும் காலும் சரியான இடத்தில் விழுகிறதா என்று பாருங்கள். பழைய பாமினி எழுத்துருப் பழக்கத்திலேயே இருந்தால் மாறுவதற்கு இதுவே நல்ல சமயம்.

ரீல்ஸுக்கு, அகலப் படத்தைத் தானாக நெட்டுவாக்கில் வெட்டிக் கொடுக்கும் வசதி பிரீமியரில் 2019இல் வந்தது, டாவின்சி ஸ்டூடியோவிலும் இருக்கிறது. தனியாக ஒருவர் நடந்து வரும் ஷாட்டுக்கு அது போதும். மாலை மாற்றும் ஷாட்டில் ஃபிரேமுக்குள் பொண்ணு, மாப்பிள்ளை, தூக்கிப் பிடிக்கும் மாமன் என்று பல முகங்கள் இருக்கும், எதைத் தொடர்வது என்று அதற்குத் தெரியாது. அங்கே கீஃபிரேம் (எந்த நொடியில் ஃபிரேம் எங்கே நிற்க வேண்டும் என்ற குறி) போட்டுக் கையால்தான் நகர்த்த வேண்டும்.

பழைய கல்யாணங்களை டாவின்சிக்குக் கொண்டுவர முயல வேண்டாம். எக்ஸ்எம்எல் என்ற பரிமாற்றக் கோப்பு வழியாக வெட்டுகள் வரும், டைட்டிலும் எஃபெக்டும் பெரும்பாலும் உடையும். கையில் இருக்கும் ஆர்டர்களை சிஎஸ்6இலேயே முடித்து, ஒவ்வொன்றுக்கும் நல்ல தரத்தில் ஒரு மாஸ்டர் கோப்பு எடுத்து இரண்டு ஹார்ட் டிஸ்கில் வையுங்கள். டாவின்சியின் கீபோர்டு அமைப்பில் பிரீமியர் என்று தேர்ந்தெடுத்தால் பழகிய ஷார்ட்கட்கள் பெரும்பாலும் அப்படியே வேலை செய்யும். முதலில் ஒரு காதுகுத்து அல்லது நிச்சயதார்த்தத்தைச் செய்து பாருங்கள், ஆவணி முகூர்த்தத்துக்குள் கை பழகிவிடும். பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸையோ வேறெதையோ மாற்றாமல், கடைசி பார்ட்டி கோப்பை வாங்கிப் போகும் வரை அப்படியே விட்டுவையுங்கள்.