நுகர்வோர் கேள்வி-பதில்: ஸ்பிட்ஃபயர் பெட்டியும் உள்ளே இருப்பதும்

சென்ற மாதம் பொழுதுபோக்குப் பொருள்கள் பற்றி எழுதும்போது ஸ்கேல் மாடல் கிட் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு பத்திக்குத்தான். அதனால் இந்த முறை முழுக்க அதுவே: இரண்டாம் உலகப் போர் விமானங்களைச் சிறிய அளவில் ஒட்டி, வண்ணம் பூசிச் செய்யும் பிளாஸ்டிக் கிட்டுகள். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கே: 1/48-ஐவிட 1/72 பெரிதாக இருக்கும் என்று நினைத்து ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் போர் விமான கிட் ஒன்றை வாங்கினேன். வந்தது கைக்குள் அடங்குகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார். பணம் திரும்பக் கிடைக்குமா? (கோவை வாசகர்)

கிடைக்காது. அவர் ஏமாற்றவும் இல்லை. 1/72 என்றால் நிஜ விமானத்தில் 72-ல் ஒரு பங்கு. ஸ்பிட்ஃபயருக்கு இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 11.23 மீட்டர். 1/72-ல் அது 15.6 செ.மீ., 1/48-ல் 23.4, 1/32-ல் 35.1. அளவு பெட்டியின் மேலேயே அச்சிட்டிருக்கிறது. வகுத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும், அதைப் பணம் கட்டும் முன் செய்திருக்க வேண்டும். பெட்டியைப் பிரிக்கவில்லை என்றால் மாற்றித் தரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். தந்தால் அது அவருடைய நல்ல மனசு.

கே: 'புதிய வெளியீடு' என்று போட்டிருந்த போர் விமான கிட்டை மகனுக்காக வாங்கினேன். பெட்டிப் படம் அவ்வளவு அழகு. உள்ளே இறக்கையின் இரண்டு பாதிகளும் சேரவில்லை. மேற்பரப்பில் கோடுகள் மேடாக இருக்கின்றன. டீகால் தாள் (விமானத்தின் மேல் ஒட்டும் சின்னங்களும் எழுத்துகளும் அச்சிட்ட தாள்) மஞ்சளாகிவிட்டது. பிரித்த பெட்டியைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்கிறார் கடைக்காரர். (திருநெல்வேலி வாசகர்)

உங்கள் கோபம் நியாயமானது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு விஷயத்தில் நானும் பணத்தை விட்டிருக்கிறேன்.

பிளாஸ்டிக் கிட் தயாரிப்பில் பெரிய செலவு எஃகு அச்சுக்குத்தான். ஒருமுறை வெட்டிவிட்டால் அதை வைத்துப் பல பத்தாண்டுகள் பிளாஸ்டிக் ஊற்றலாம். அதனால் 1970-களில் வெட்டிய அச்சு, புதுப் படம், புது டீகால், புதுப் பெட்டியோடு இன்றும் கடைக்கு வருகிறது. சில சமயம் வேறு கம்பெனியின் பெயரிலேயே வருகிறது. பெட்டியில் 'புதியது' என்று போட்டிருப்பார்கள். புதிது பெட்டிதான்.

எனக்கு நடந்தது மெஸ்ஸர்ஷ்மிட் 109 என்ற ஜெர்மன் போர் விமானத்தில். சென்னையில் ஒரு கடையில் படத்தைப் பார்த்து மயங்கி வாங்கினேன். வீட்டில் வந்து இறக்கையின் மேல் நகத்தை ஓட்டினால் ஒவ்வொரு தகட்டுக் கோடும் தடுக்குகிறது. நிஜ விமானத்தில் தகடும் தகடும் சேரும் இடம் மெல்லிய பள்ளமாகத்தான் தெரியும். இங்கே மேடு. உடலின் இரண்டு பாதிகளையும் ஒட்டினேன், முதுகில் தீக்குச்சித் தலை நுழையும் அளவு இடைவெளி. புட்டி வைத்து உப்புத்தாள் போட்டேன். இடைவெளி மறைந்தது, கூடவே பக்கத்தில் இருந்த மேட்டுக் கோடுகளும் மறைந்துவிட்டன. அந்தக் கோடுகளை ஊசியால் திரும்பக் கீறுவதற்கே மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின. மாடல் இன்றும் பீரோவில் இருக்கிறது. நல்ல கிட்டாக வாங்கியிருந்தால் அந்த மூன்று ஞாயிறும் வண்ணம் பூசுவதில் போயிருக்கும்.

ஒரே கம்பெனி, ஒரே விமானம், ஒரே அளவாக இருந்தாலும் இந்தக் குழப்பம் உண்டு. டாமியா 1/48 ஸ்பிட்ஃபயர் மார்க் 1 என்று தேடினால் 1990-களில் வந்த ஒரு கிட்டும், 2018-ல் அச்சே புதிதாக வெட்டி வந்த இன்னொரு கிட்டும் கிடைக்கும். இரண்டும் வேறு வேறு கிட்டுகள், கிட் எண்ணும் வேறு. வாங்குகிறவர் எண்ணைத்தான் பார்க்க வேண்டும், படத்தை அல்ல. ஸ்கேல்மேட்ஸ் என்ற இணையதளத்தில் கிட் எண்ணைப் போட்டால் அந்த அச்சு முதலில் எந்த ஆண்டு வந்தது, பிறகு எத்தனை பெட்டிகளில் மாறி மாறி வந்தது என்று வரிசையாகக் காட்டும். இலவசம்தான். ஐந்து நிமிட வேலை.

என் ஆதங்கம் இதுதான். இறக்குமதிப் பெட்டியில் இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, எந்த நாட்டுச் சரக்கு, எம்.ஆர்.பி. எல்லாம் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இந்தப் பொருளின் தரத்தை முடிவு செய்கிற ஒரே தகவல் அச்சு வெட்டிய ஆண்டு. அதைப் பெட்டியின் மேல் போடும் வழக்கம் இல்லை. அரிசி மூட்டையில் புதுசா பழசா என்று கேட்டு வாங்குகிறோம், சொல்லவும் செய்கிறார்கள். நாற்பது வருட அச்சு என்று சொல்லிவிட்டு விலையைக் குறைத்து விற்றால் யாருக்கும் குறையில்லை. பழைய அச்சை விரும்பி வாங்கிச் செய்கிறவர்களும் உண்டு. மறைத்து விற்பதுதான் தவறு.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: மஞ்சள் டீகால் குறைபாடுள்ள பொருள், அதற்கு மாற்று கேட்டு எழுத்தில் கொடுங்கள். விளம்பரத்தில் 'புதிய அச்சு' என்றே எழுதியிருந்தாலோ, வேறு கிட்டின் பாகங்களைப் படமாகப் போட்டிருந்தாலோ அதன் ஸ்கிரீன்ஷாட் உங்கள் சாட்சி. அப்போது பெட்டி பிரித்தது என்ற பதில் செல்லாது, பிரிக்காமல் உள்ளே இருப்பது எப்படித் தெரியும்? டீகால் தாளை ஜிப் கவரில் போட்டு வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் சில நாள் ஒட்டி வையுங்கள், மஞ்சள் பெருமளவு வெளுக்கும். மகனிடம் அது அவன் கைக்குறை இல்லை என்று சொல்லுங்கள்.

கே: விமானி அறையின் மேல் மூடும் கண்ணாடிப் பாகம் கிட்டில் இல்லவே இல்லை. ஆன்லைன் விற்பனையாளர், பெட்டி பிரிக்கும் வீடியோ இருந்தால்தான் பேசுவேன் என்கிறார். (திருச்சி வாசகர்)

வீடியோ எடுத்திருந்தால் நல்லது. எடுக்கவில்லை என்பதற்காக உங்கள் உரிமை போய்விடாது. 2020-ன் மின்வணிக விதிகளில் குறைபாடுள்ள பொருளைத் திரும்ப எடுக்கவோ பணம் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்றே இருக்கிறது. விற்ற தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் கிடைத்ததாக ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கூடவே கிட் தயாரித்த கம்பெனிக்கும் பில்லை இணைத்து ஒரு மின்னஞ்சல் போடுங்கள். விடுபட்ட பாகத்தை அனுப்பிவைக்கும் கம்பெனிகள் உண்டு.

கே: கண்ணாடி மூடியை இன்ஸ்டன்ட் பசையால் ஒட்டினேன், மறுநாள் வெள்ளையாகப் புகை படிந்துவிட்டது. பசை விற்ற கடையிடம் நஷ்டஈடு கேட்கலாமா? (சென்னை, வேளச்சேரி)

கேட்க முடியாது. அந்தப் பசையின் ஆவி தெளிவான பிளாஸ்டிக்கில் படியும், அது அதன் குணம். ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசை போதும், காய்ந்தால் தெளிவாகிவிடும். படிந்ததை மெல்லிய பாலிஷால் தேய்த்துவிட்டுத் தெளிவான அக்ரிலிக் பளபளப்பு வார்னிஷ் பூசிப் பாருங்கள்.

கே: 'மெட்ராஸ் ஸ்குவாட்ரன் ஸ்பிட்ஃபயர்' என்று ஒரு டீகால் தாள் நல்ல விலைக்கு விற்கிறார்கள். அப்படி ஒன்று நிஜமாக இருந்ததா? (மதுரை வாசகர்)

இருந்தது. போர்க்காலத்தில் மெட்ராஸ் மாகாணத்திலிருந்து போன நன்கொடைக்காக பிரிட்டிஷ் விமானப்படையின் 79, 234, 264 ஆகிய மூன்று ஸ்குவாட்ரன்களும் (விமானப் படைப்பிரிவுகளும்) 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்ற பெயரைத் தாங்கின. ஆனால் மூன்றும் ஸ்பிட்ஃபயர் இல்லை. 1940 பிரிட்டன் வான்போரில் ஸ்பிட்ஃபயர் ஓட்டியது 234, அதன் விமானங்களின் பக்கவாட்டில் எழுதிய அடையாள எழுத்து ஏ-இசட். 79 ஓட்டியது ஹரிகேன் என்ற இன்னொரு பிரிட்டிஷ் போர் விமானம், எழுத்து என்-வி. 264 ஓட்டியது பின்னால் சுழல் துப்பாக்கி வைத்த டிஃபயன்ட், எழுத்து பி-எஸ். உங்கள் தாளில் ஏ-இசட் இருந்தால் நம்பி வாங்கலாம். ஸ்பிட்ஃபயருக்கு பி-எஸ் என்று அச்சடித்திருந்தால் விட்டுவிடுங்கள்.

கே: 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது சீனக்குடா விமானத்தளத்திலிருந்து எழும்பிய ஹரிகேன் ஒன்றையும், எதிரே வந்த ஜப்பானிய ஜீரோ போர் விமானம் ஒன்றையும் செய்ய ஆசை. எதைப் பார்த்து வாங்க வேண்டும்? (திருகோணமலை வாசகர்)

நான்கு நாள் முன்னால் ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பு, பிறகு உங்கள் ஊர். அதே 9-ம் தேதி மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலும் மூழ்கியது. சொந்த ஊரின் வானத்தில் நடந்ததைச் செய்ய நினைக்கிறீர்கள், அவசரப்பட்டு வாங்காதீர்கள்.

சீனக்குடாவில் இருந்தது 261 ஸ்குவாட்ரன். ஹரிகேனில் மார்க் 1-க்கு எட்டு இயந்திரத் துப்பாக்கிகள், மார்க் 2பி-க்குப் பன்னிரண்டு. இறக்கைப் பாகமே வேறு. எந்த விமானத்தைச் செய்யப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள், பிறகு அந்த இறக்கை உள்ள கிட்டைத் தேடுங்கள். டீகால் விற்பவரிடம் எந்தப் புகைப்படத்தைப் பார்த்துச் செய்தீர்கள் என்று கேளுங்கள். சொல்லத் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம்.

ஜீரோவுக்கு ஏ6எம்2, மாடல் 21 என்று கேளுங்கள். கப்பல் லிப்டில் நுழைய இறக்கை முனை இரண்டும் அரை மீட்டர் அளவுக்கு மடங்கும் வகை அது. 1/48-ல் எடுவார்ட் கம்பெனி 2021-ல் கொண்டுவந்த அச்சு நல்லது. ஏ6எம்5 பின்னால் வந்த வகை, 1942 ஏப்ரலில் கிடையாது. கடையில் இரண்டையும் 'ஜீரோ' என்றுதான் சொல்வார்கள்.

கே: வெளிநாட்டிலிருந்து கிட்டும் லாக்கர் பெயின்டும் வரவழைக்கிறேன். 'கிஃப்ட்' என்று எழுதி அனுப்பச் சொன்னால் வரி இருக்காதாமே? (சேலம் வாசகர்)

கிஃப்ட்டுக்கு இருந்த சலுகை 2019 டிசம்பரோடு போய்விட்டது. ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும் மட்டும் விலக்கு. மேலும், காசு கொடுத்து வாங்கிய பொருளைப் பரிசு என்று எழுதச் சொல்வது பொய் சொல்வது, அதற்கு நான் யோசனை தர மாட்டேன். லாக்கர் பெயின்ட் தீப்பிடிக்கும் சரக்கு. சாதாரண விமானத் தபாலில் போகக் கூடாது, பிடித்தால் பார்சல் முழுவதும் நிற்கும். பெயின்டை உள்ளூரில் வாங்குங்கள்.

உள்ளூர்க் கடையில் கிட் விலை ஏன் இவ்வளவு என்றும் கேட்டிருக்கிறீர்கள். பொம்மைகளுக்கான அடிப்படை சுங்க வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70 ஆனது. ஸ்கேல் மாடலும் சுங்கப் பட்டியலில் அந்த வகையில்தான் வருகிறது. கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் அதையும் கணக்கில் எடுங்கள்.

கே: காற்றால் வண்ணம் தெளிக்கும் ஏர்பிரஷ் வாங்க வேண்டும். சின்ன கம்ப்ரசரோடு சேர்த்து மலிவாக ஒரு செட் வருகிறது, வாங்கலாமா? (ஈரோடு வாசகர்)

டேங்க் இல்லாத கம்ப்ரசர் என்றால் வேண்டாம். நான் வாங்கி அனுபவித்துவிட்டேன். காற்று சீராக வராமல் துடித்துத் துடித்து வரும், கோடு திட்டுத் திட்டாக விழும். சென்னை ஈரக் காற்றில் குழாய்க்குள் தண்ணீர் கோத்து, ஸ்பிட்ஃபயரின் அடிப்பகுதி வண்ணத்தில் பொட்டுப் பொட்டாகத் தெறித்தது. ஒரு ஜீரோவின் இறக்கையும் அப்படியே போனது. டேங்க், பிரஷர் ரெகுலேட்டர், ஈரம் பிடிக்கும் டிராப் மூன்றும் இருக்க வேண்டும். ஏர்பிரஷ் 0.3 மி.மீ. ஊசி, காற்றையும் வண்ணத்தையும் ஒரே விசையில் தனித்தனியே கட்டுப்படுத்தும் டபுள் ஆக்‌ஷன். காசு சேரும் வரை கைப் பிரஷ்ஷிலேயே பூசுங்கள். மெல்லிசாகக் கரைத்து இரண்டு மூன்று பூச்சு கொடுத்தால் நன்றாகவே வரும். அடை மழை நாளில் லாக்கர் அடிக்காதீர்கள், வெளுத்துப்போகும்.

கே: என் தாத்தா போரின்போது இந்திய விமானப்படையில் ஹரிகேன் மெக்கானிக். அப்பாவின் 75-வது பிறந்தநாளுக்கு அந்த விமானத்தை மாடலாகச் செய்து தரச் சொல்லி, சமூக வலைத்தளத்தில் மாடல் செய்துதரும் ஒருவருக்கு 18,000 ரூபாய் முன்பணம் அனுப்பினேன். தாத்தாவின் புகைப்படத்தையும் கொடுத்தேன். இரண்டு மாதம் படங்கள் அனுப்பினார். அவை வேறு யாரோ செய்த மாடலின் படங்கள் என்று பிறகுதான் தெரிந்தது. இப்போது என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். (நாகர்கோவில் வாசகர்)

படித்ததும் மனம் கனத்துவிட்டது. நீங்கள் அசட்டையாக இருக்கவில்லை. கேட்டீர்கள், படம் பார்த்தீர்கள், காத்திருந்தீர்கள். அவர் திட்டமிட்டு ஏமாற்றியிருக்கிறார்.

இன்றே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். பணம் போன யுபிஐ விவரம், உரையாடல், அவர் அனுப்பிய படங்கள், அந்தப் படங்களின் அசல் எங்கே கிடைத்தது என்ற விவரம், எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். நாளாகிவிட்டதால் பணத்தை முடக்கிப் பிடிப்பது கடினம், ஆனாலும் புகார் பதிவாக வேண்டும். அவருடைய பெயரும் முகவரியும் கிடைத்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் செய்ய வேண்டும்.

இன்னொன்று சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. அந்த மாடலை நீங்களே செய்யுங்கள். 1944-ல் இம்பாலில் அர்ஜன் சிங் தலைமையில் பறந்த நம்பர் 1 ஸ்குவாட்ரனும் ஹரிகேன்தான் வைத்திருந்தது, அதனால் இந்திய ஹரிகேன்களின் புகைப்படங்கள் தேடினால் கிடைக்கும். 1/48-ல் ஒரு கிட், பசை, நான்கு பாட்டில் பெயின்ட், இரண்டு பிரஷ். தாத்தாவின் புகைப்படத்தை 1200 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து பெரிதாக்கி, விமானத்தின் வால் பக்கம் எழுத்தோ எண்ணோ தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் எனக்கு எழுதுங்கள், அதற்கு எந்த டீகால் தாள் பொருந்தும் என்று சேர்ந்து தேடுவோம்.