வாசகர் கேள்வி–பதில்: வாஷிங்டனின் பண்ணை வீடும் தோட்டங்களும்

கேள்வி: மகன் அமெரிக்காவில், வர்ஜீனியாவில் இருக்கிறான். ஜார்ஜ் வாஷிங்டன் வாழ்ந்த மவுன்ட் வெர்னானுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்கிறான். எனக்கு மூட்டுவலி. முழுக்கச் சுற்றிப் பார்க்க முடியுமா?
– வாசகி, மதுரை

பதில்: முழுக்க வேண்டாம், மேட்டில் இருப்பதை மட்டும் பாருங்கள். மாளிகை, மேல் தோட்டம், கீழ்த் தோட்டம் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன. பொட்டோமாக் ஆற்றுப் படகுத்துறைக்கு இறங்குவது சுலபம், திரும்பி ஏறும்போதுதான் முழங்கால் கெஞ்சும். அரை நாள் ஒதுக்குங்கள். மாளிகைக்குள் போக நேரம் குறித்த சீட்டு உண்டு, அதை இணையத்திலேயே எடுத்துவிடச் சொல்லுங்கள். பலர் அந்த நேரத்துக்கு வாசலில் வந்து நிற்கிறார்கள். வாசலிலிருந்து மாளிகைக்கு நடக்க வேண்டியிருப்பதால் முறை தவறிவிடுகிறது. அரை மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். ஜூலை, ஆகஸ்டில் புழுக்கம் அதிகம். ஏப்ரல் கடைசி, மே, அக்டோபர் நல்லது.

கேள்வி: படத்தில் கல் கட்டடம் போலத் தெரிகிறதே?
– வாசகர், திருச்சி

பதில்: மரம்தான். பைன் பலகைகளின் விளிம்பைச் சரிவாகச் செதுக்கி, பெயின்ட் காய்வதற்குள் மணலை வீசி ஒட்டவைத்திருக்கிறார்கள். கிட்டப் போனால் மணல் சொரசொரப்பு தெரியும்.

கேள்வி: தோட்டத்தில் எதைத் தவறவிடக் கூடாது?
– வாசகி, கோவை

பதில்: மாளிகை வரிசையிலேயே நாளைக் கழித்துவிட்டுத் தோட்டத்தை ஓட்டமாகப் பார்த்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். அது பெரிய இழப்பு.

ஆற்றுப் பக்கத் தாழ்வாரத்தில் நின்றால் புல்வெளி தடையே இல்லாமல் கீழே இறங்குவது போலத் தோன்றும். உண்மையில் நடுவே 'ஹா-ஹா' என்ற மறைசுவர் உண்டு. வீட்டுப் பக்கத் தரையைச் செங்குத்தாக வெட்டிச் செங்கல் சுவர் எழுப்பி, எதிர்ப்பக்கத்தைச் சரிவாக விட்டுவிடுவார்கள். மேயும் மாடு ஏற முடியாது. வீட்டிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு வேலியும் தெரியாது. அதனால் கீழே இறங்கி நின்று, வீட்டைப் பார்த்தபடி தேடுங்கள். எதிர்க்கரை மேரிலாண்டில் கட்டடங்கள் முளைக்காதபடி 1961-இல் பிஸ்கட்டவே பூங்கா அமைத்ததால்தான் அந்தக் காட்சி இன்றும் தப்பியிருக்கிறது.

மேல் தோட்டம் பூந்தோட்டம் என்று நினைத்துப் போனால் காய்கறிப் பாத்திகளைப் பார்த்துக் குழம்புவீர்கள். அகழாய்வு செய்து, 2011-இல் வாஷிங்டன் காலத்து அமைப்புக்கே திருப்பினார்கள். அகலமான பாத்திகளின் நடுவில் காய்கறி, ஓரத்தில் பூ. வடபுறம் உள்ள பசுமைக்குடிலின் உயரமான ஜன்னல்கள் தெற்கு வெயிலை வாங்கும். குளிர்காலத்தில் பின்னறையில் அடுப்பு மூட்டுவார்கள். சூடு தரைக்கடியில் உள்ள குழாய்ப் பாதை வழியே ஓடி எலுமிச்சை, ஆரஞ்சுச் செடிகளைக் காத்தது. 1787-இல் கட்டியது 1835-இல் எரிந்துபோனது. இப்போது இருப்பது 1951-இல் எழுப்பியது.

லாயத்துப் பக்கம் கல் பாவிய எருக்குழி ஒன்று, கூரையோடு இருக்கிறது. புகையிலை சாறுறிஞ்சிய மண்ணைத் தேற்ற வாஷிங்டன் எருவை எவ்வளவு நம்பினார் என்பதற்கு அதுவே சாட்சி. நம்மூர் விவசாயிகள் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம்.

கேள்வி: அங்கே அடிமைகளும் இருந்தார்களா?
– வாசகர், நெல்லை

பதில்: 1799-இல், வாஷிங்டன் இறந்த ஆண்டில், 317 பேர். பாத்தி வெட்டியதும் அடுப்புக்கு விறகு சுமந்ததும் அவர்கள் கைகள்தான். அவருக்கே சொந்தமான 123 பேரை விடுவிக்க உயில் எழுதினார். மனைவி மார்த்தா 1801 ஜனவரி 1-இல் விடுவித்தார். மார்த்தாவின் முதல் கணவர் சொத்துவழி வந்த 153 பேரை விடுவிக்க இருவருக்குமே சட்டத்தில் உரிமை இல்லை. அதனால் பல குடும்பங்கள் பிரிந்தன. பசுமைக்குடிலின் இரு சிறகுகளும் அடிமைகள் தங்கிய அறைகள். உள்ளே போய், அடுக்குக் கட்டில்களைப் பாருங்கள். வாஷிங்டன் கல்லறையிலிருந்து சிறிது தூரத்தில் அவர்களுடைய இடுகாடு இருக்கிறது. புதைகுழிகளில் பெயர் இல்லை. 1983-இல் அமைத்த நினைவுச்சின்னம் அங்கே இருக்கிறது. கல்லறை வரை போகிறவர்கள் அங்கேயும் போய் வாருங்கள்.