ஸ்நார்கலுக்கு முன் மூன்று மீட்டர் டியூப்

கேள்வி: தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருக்கிறேன். வண்டி 2013 மாடல் மகிந்திரா தார், சிஆர்டிஇ (காமன் ரெயில் டீசல்) எஞ்சின். தோட்டத்துக்கு ஏறும் மண்பாதையில் முன்போல இழுப்பதில்லை. கோடையில் புழுதி, ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு ஓடைகளைக் கடந்தாக வேண்டும். கூம்பு வடிவ ஏர் ஃபில்டர் போட்டால் இழுவை கூடும் என்கிறார் நண்பர். எஞ்சினுக்கான காற்றைக் கூரை உயரத்திலிருந்து எடுக்கும் ஸ்நார்கல் குழாயை பிவிசி பைப்பில் நானே செய்துகொள்ளலாமா? ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் செலவு செய்ய மனமில்லை.

பதில்: கூம்பு ஃபில்டர் வேண்டாம். ஸ்நார்கல் செய்யலாம், ஆனால் அதனால் இழுவை கூடும் என்று எதிர்பார்க்காதீர்கள். உங்கள் ஐயாயிரத்தில் முதல் இருநூறு ரூபாயை வேறொன்றுக்குக் கேட்கிறேன்.

டீசல் எஞ்சினில் இழுவையைத் தீர்மானிப்பது உள்ளே பீய்ச்சும் டீசலின் அளவு. காற்று பெரும்பாலும் தேவைக்கு மேலேயே இருக்கும். ஏற்றத்தில் கறுப்புப் புகை கக்காத வண்டிக்குக் கூடுதல் காற்றைக் கொடுத்தால் அது பயன்படாமலே புகைக்குழாய் வழியே போய்விடும். உங்கள் 2.5 லிட்டர் எஞ்சின் 105 குதிரைத்திறன் கொண்டது. அதற்குப் போதுமான அளவில்தான் கம்பெனி காற்றுக் குழாயை வைத்திருக்கிறது. மலையில் காற்று மெலிவதையும், காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ ஓரளவுக்கு ஈடுகட்டிவிடும். ஆகவே பன்னிரண்டு ஆண்டு ஓடிய வண்டி மூச்சு வாங்குகிறதென்றால், முன்பு இருந்த எதையோ அது இழந்திருக்கிறது. அதைத் தேடுவதுதான் முதல் வேலை.

கொத்தனார்கள் மட்டம் பார்க்கும், உள்ளே தண்ணீர் தெரியும் பிளாஸ்டிக் டியூப் மூன்று மீட்டர் வாங்குங்கள். ஒரு பலகையில் அதை ‘ப’ வடிவில், இரு முனைகளும் மேலே பார்க்க, நிமிர்ந்து நிற்கும் இரு கைகளும் ஒரு மீட்டர் உயரம் வரும்படி ஆணி அடித்துக் கட்டுங்கள். சொட்டு நீலம் கலந்த தண்ணீரைப் பாதி உயரம் வரை ஊற்றுங்கள். ஒரு முனை திறந்தே இருக்கட்டும். மறு முனையை, ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவிலுள்ள குழாயில் ஒரு சிறு நிப்பிள் (டியூப்பை மாட்டும் குழல்முனை) வைத்து இணையுங்கள். நடுவில் ஒரு காலி பாட்டிலைக் கோத்துக்கொள்வது அவசியம். தண்ணீர் தப்பித் தவறி ஏறினாலும் பாட்டிலோடு நிற்கும். நிப்பிளுக்குத் துளை போடும்போது குழாயைக் கழற்றி வெளியே வைத்துத்தான் போட வேண்டும். பிசிறு ஒன்று டர்போவுக்குள் போனால் ஐயாயிரம் ரூபாய்க் கணக்கெல்லாம் மறந்துபோகும்.

இப்போது பலகையைப் பக்கத்து இருக்கையில் ஒருவர் பிடித்துக்கொள்ள, வழக்கமான ஏற்றத்தில் இரண்டாவது கியரில், ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று தொடும் வரை ஏறுங்கள். டியூப்பின் இரு கைகளிலும் தண்ணீர் மட்டத்துக்கு எவ்வளவு வேறுபாடு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். 60 செ.மீ.யை நெருங்கினால் ஃபில்டரின் ஆயுள் முடிந்தது; லாரி, டிராக்டர்களில் ஃபில்டர் அடைப்பைக் காட்டும் சிவப்புக் குறி எழுவதும் ஏறத்தாழ இந்த இடத்தில்தான். புது ஃபில்டரைப் போட்டு மறுபடி அளந்து 25, 30 செ.மீ.க்குள் நின்றால், காற்று வரும் வழியில் உங்களுக்குக் கிடைக்க வேண்டியது ஒன்றும் பாக்கி இல்லை.

ஏன் இல்லை என்பதற்கு ஒரு கணக்கு. 10 செ.மீ. தண்ணீர் மட்டம் என்பது வளிமண்டல அழுத்தத்தில் ஒரு விழுக்காடு. 30 செ.மீ. தடையை மந்திரம் போட்டு அடியோடு நீக்கினாலும் மிஞ்சுவது மூன்று விழுக்காடு காற்று. கூம்பு ஃபில்டர் அதில் ஒன்றையோ இரண்டையோ மீட்டுத் தரலாம். ஆனால் அது பானட்டுக்கடியில் திறந்தபடி உட்கார்ந்து எஞ்சின் சூட்டை உறிஞ்சும். 35 டிகிரிக் காற்றுக்குப் பதில் 65 டிகிரிக் காற்று போனால் அடர்த்தி ஒன்பது விழுக்காடு குறைகிறது. டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இண்டர்கூலர் அதில் ஒரு பங்கைத் திருப்பித் தரும் என்றாலும் வியாபாரம் நஷ்டம்தான். நண்பருக்கு இழுவை கூடியதாகத் தோன்றியது அந்த ‘ஊஷ்’ சத்தத்தால் இருக்கலாம். போதாக்குறைக்கு, எண்ணெய் பூசிய கூம்பு ஃபில்டரிலிருந்து பறக்கும் துளிகள் காற்றளவு சென்சாரில் படிந்து கோளாறு செய்யலாம். ஃபில்டர் பெட்டியில் ஓட்டை போட்டுக் ‘காற்றோட்டம்’ கூட்டுவதும் இதே வகைதான். அதில் ஓடைத் தண்ணீருக்கும் வழி திறந்துவிடுகிறீர்கள்.

அளவு சரியாக இருந்தும் வண்டி இழுக்கவில்லையா? டர்போவிலிருந்து இண்டர்கூலருக்கும் அங்கிருந்து எஞ்சினுக்கும் போகும் ரப்பர் ஹோஸ்களைப் பாருங்கள். இணைப்பை ஒட்டி எண்ணெய்க் கசிவும் அதன்மேல் மை போலப் புழுதியும் அப்பியிருந்தால், டர்போ அழுத்திய காற்று அங்கேதான் வெளியேறுகிறது. இந்த வயதுத் தார்களில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். ஹோஸின் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள், விரிசல் எப்போதும் கண்ணுக்குப் படாத பக்கத்தில்தான் இருக்கும். நல்ல கிளிப்புகள் நான்கு போட்டு இறுக்குவதற்குச் சில நூறு ரூபாய் ஆகும். இண்டர்கூலர் இடுக்குகளில் படிந்த சேற்றையும் மெல்லிய நீர்த்தாரையால் கழுவிவிடுங்கள்.

அடுத்தது புழுதி. ஏற்றத்தில் உங்கள் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் ஐயாயிரம் லிட்டர் காற்றைக் குடிக்கிறது. ஃபில்டர் ஓரத்தில் மயிரிழை இடைவெளி போதும், மண் உள்ளே போக. ஃபில்டருக்கு அப்பால் உள்ள குழாயைக் கழற்றி, உள்சுவரை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் செம்மண் நிறம் ஏறினால், வேறெந்த வேலைக்கும் முன்னால் அதை அடைக்க வேண்டும். ஃபில்டரின் ரப்பர் விளிம்பில் மெல்லிய கிரீஸ் தடவிப் பொருத்துங்கள். அடுத்த முறை திறக்கும்போது புழுதி கிரீஸைத் தாண்டிய இடம் கோடு போட்டதுபோல் தெரியும். காகித ஃபில்டரைத் தரையில் தட்டுவதும், பஞ்சர் கடைக் காற்றுக் குழாயை ஒட்டிவைத்து அடிப்பதும் ஃபில்டரைக் கொல்லும் வழிகள். சந்தேகம் இருந்தால் இருட்டறையில் உள்ளே டார்ச்சை வைத்துப் பாருங்கள். ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தாலே தூக்கி எறிந்துவிடுங்கள்.

இனி ஸ்நார்கல். பலர் இதைத் தண்ணீருக்கென்று நினைக்கிறார்கள். உங்கள் பாதையில் இதன் பெரிய பயன் கோடையில்தான்: கூரை உயரத்துக் காற்றில் சக்கரம் கிளப்பும் புழுதி மிகக் குறைவு. மேல்முனையில் டிராக்டர்களுக்கு வரும் காளான் வடிவப் புழுதிக் கிண்ணத்தைப் பொருத்தினால், காற்றைச் சுழலவிட்டு மண்ணைக் கிண்ணத்திலேயே பிரித்துவிடும். உதிரிபாகக் கடையில் மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் சிறிய டிராக்டருக்கானதை வாங்கிவிடாதீர்கள். டர்போ வைத்த பெரிய எஞ்சினுக்கானதைக் கேளுங்கள், பொருத்திய பின் அதே டியூப்பால் மறுபடி அளந்து பாருங்கள்.

குழாய்க்கு 63 மி.மீ. பிவிசியைவிட 75 மி.மீ. நல்லது. குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 40 விழுக்காடு கூடுவதால் தடை பாதியாகிறது. செங்குத்தான எல்போ வேண்டாம், நீண்ட வளைவுதான் வேண்டும். பிவிசி வெளியே மட்டும். என் முதல் ஜீப்பில் ஆர்வக்கோளாறில் பானட்டுக்குள்ளும் பிவிசியையே இழுத்துவிட்டேன். அறுபது டிகிரிக்கு மேல் அது தளரும் என்பது தெரிந்தும், அவ்வளவு சூடு அங்கே வராது என்று நினைத்தேன். வந்தது. சைலன்சர் பக்கமாக வளைவு மெல்லத் தொய்ந்து, இணைப்பு விரல் நுழையும் அளவுக்கு வாயைப் பிளந்திருந்தது. எத்தனை வாரம் அப்படி ஓடியதோ, டர்போ வாயில் மஞ்சள்தூள் பூசியதுபோல் மண். உள்ளே வரும் பகுதிக்கு வெப்பம் தாங்கும் ரப்பர் அல்லது சிலிக்கோன் ஹோஸ்தான் போட வேண்டும். செலவில் பாதி அதற்கே போகும்.

ஃபில்டர் பெட்டியின் அடியில் தண்ணீர் வடிய ஒரு ரப்பர் வாய் இருக்கும். அதை விட்டுவிட்டு ஸ்நார்கல் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், மூக்கை மேலே நீட்டிவிட்டு வாயைத் தண்ணீருக்குள் திறந்துவைத்த கதை. ஓடைக்கு முன் அதை அடைத்துவிட்டு, பிறகு திறந்து வடியவிடுங்கள். எல்லாம் முடிந்ததும் எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு ஸ்நார்கல் வாயை ஒரு பலகையால் மூடுங்கள். சில நொடிகளில் எஞ்சின் திணறி நிற்க வேண்டும். நிற்காமல் ஓடினால் எங்கோ ஓட்டை இருக்கிறது; ஊதுபத்தியை இணைப்புகளருகே கொண்டுபோனால் புகை உள்ளே இழுபடும் இடம் அதுதான்.

இரண்டு விஷயங்களை எழுதாமல் விட முடியாது. ஸ்நார்கல் எஞ்சினை மட்டுமே காக்கும். ஆக்சில்களின் பிரீதர் (காற்று போய்வரும் சிறு துளை) வழியே தண்ணீர் புகுந்தால் கியர் ஆயில் பால்டீ நிறமாகிவிடும். ஆகவே பிரீதர்களுக்கு ரப்பர் டியூப் போட்டு பானட் உயரத்துக்கு ஏற்றிக் கட்டுங்கள். ஸ்நார்கலே போடாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். மற்றது சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. மட்கார்டில் துளை போடும் முன் ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிடமும் கேட்டுவிடுவது நல்லது.

இத்தனைக்கும் பிறகு ஓடை நடுவே எஞ்சின் நின்றுவிட்டால், சாவியைத் திருப்பாதீர்கள். உங்கள் எஞ்சினில் ஒரு சிலிண்டர் சுமார் 625 மில்லி. அமுக்க விகிதம் 18 என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அங்கே மிஞ்சும் இடம் 37 மில்லிதான். அதைவிட ஒரு மிடறு அதிகம் தண்ணீர் இருந்தாலும், தண்ணீர் அமுங்காது, பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராடுதான் வளையும். வண்டியைக் கயிறு கட்டிக் கரையேற்றி, கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, நான்கு குளோ பிளக்குகளையும் (சிலிண்டரைச் சூடாக்கும் பிளக்குகள்) கழற்றச் சொல்லுங்கள். பிறகு எஞ்சினைக் கையால் சுற்றவிட்டால், உள்ளே தண்ணீர் இருந்தால் அந்தத் துளைகள் வழியே பீய்ச்சிக்கொண்டு வரும். அப்போது முகத்தை மட்டும் விலக்கி வைத்துக்கொள்ளுங்கள்.