அமெரிக்காவில் தம்பியை போலீஸ் பிடித்துவிட்டது. பத்து சதவீதம் கட்டினால் ஜாமீனில் வந்துவிடுவான் என்கிறார்கள். அந்தப் பணம் கேஸ் முடிந்ததும் திரும்பக் கிடைக்குமா?

காசு வாங்கிக்கொண்டு பிணை நிற்கும் பாண்ட் கம்பெனியிடம் கட்டினால் கிடைக்காது. ஒரு டாலர்கூட வராது. முதலில் இதை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், மற்றதைப் பிறகு பேசலாம்.

எனக்கு இது தெரிந்தது 5,000 டாலர் செலவழித்த பிறகு. என் மச்சினன் கலிபோர்னியாவில் எம்.எஸ். படித்துக்கொண்டிருந்தான். ஒரு சனிக்கிழமை ராத்திரி ரூம்மேட்டோடு வாய்த்தகராறு, அது கைகலப்பாகி, பக்கத்து வீட்டுக்காரர் அவசர உதவி எண் 911-ஐ அழைத்துவிட்டார். போலீஸ் உள்ளே வந்தபோது இவன் கையில் காலி பாட்டில் இருந்திருக்கிறது. யாருக்கும் பெரிய காயமில்லை. ஆனால் ‘ஆயுதத்தால் தாக்குதல்’ என்று எழுதி கவுன்ட்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) ஜெயிலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பெயில், அதாவது ஜாமீன் தொகை, 50,000 டாலர்.

இந்தத் தொகையை அன்று ராத்திரி எந்த நீதிபதியும் உட்கார்ந்து யோசித்து வைக்கவில்லை. கலிபோர்னியாவில் ஒவ்வொரு கவுன்ட்டியிலும் பெயில் ஷெட்யூல் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. இன்ன குற்றத்துக்கு இவ்வளவு என்று ஹோட்டல் மெனு மாதிரி. நீதிபதி முன் முதல் முறை நிறுத்தும்வரை பொதுவாக அந்தப் பட்டியல் விலைதான். நிறுத்துவதற்கு 48 மணி நேரக் கெடு உண்டு. ஞாயிறும் அரசு விடுமுறையும் அதில் சேராது. அதனால் சனி ராத்திரி உள்ளே போனவனை செவ்வாய்க்கிழமை கோர்ட்டில் நிறுத்தினாலும் யாரும் கேட்க முடியாது.

அவன் எங்கே இருக்கிறான் என்று கண்டுபிடிக்கவே எங்களுக்கு ராத்திரி முழுக்க ஆனது. ஜெயிலை நடத்தும் ஷெரிஃபின் வெப்சைட்டில் பெயரைப் போட்டுத் தேடினால் இல்லை, இல்லை என்றே வந்தது. நம் ஊர்ப் பெயர்ப் பிரச்சினை. அவன் பாஸ்போர்ட்டில் முழுப் பெயரும் சர்நேம் கட்டத்தில் இருக்கிறது, கிவன் நேம் காலி. அதனால் அமெரிக்க விசாவில் முதல் பெயர் ‘எஃப்என்யூ’. முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். லைசென்ஸிலும் அதுவே. முதல் பெயரில் எஃப்என்யூ என்று அடித்ததும் திரையில் வந்து நின்றான். உங்கள் தம்பி பெயரையும் முன்பின் மாற்றி, அப்பா பெயரையும் போட்டுத் தேடிப் பாருங்கள். கிடைத்ததும் புக்கிங் நம்பரை, அதாவது ஜெயிலில் சேர்க்கும்போது கொடுக்கும் எண்ணை, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு எல்லோரும் கேட்பது அந்த நம்பரைத்தான்.

விடிகாலையில் ஜெயிலிலிருந்து போன். இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது என்று முதலில் ஒரு மெஷின் குரல் சொல்கிறது. அது முடிந்ததும் இவன், “மாமா, நான் சும்மாதான் பாட்டிலை எடுத்தேன்...” என்று ஆரம்பித்தான். “வாயை மூடு, சாப்பிட்டியா அதை மட்டும் சொல்லு” என்றேன். அன்று நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதுதான். அந்தப் பதிவை அரசு வக்கீல் கேட்கலாம், வழக்கில் பயன்படுத்தவும் செய்யலாம். தமிழில் பேசினால் புரியாது என்று நினைக்காதீர்கள், மொழிபெயர்க்க ஆள் இருக்கிறது.

இப்போது பத்து சதவீதத்துக்கு வருகிறேன். ஜாமீன் என்றதும் நமக்குத் தெரிந்த ஜாமீன்தாரர் சித்தப்பாவோ பக்கத்து வீட்டுக்காரரோ. பிணைக்குக் கையெழுத்துப் போடுவார், ஆள் ஓடினால் மாட்டிக்கொள்வார். அமெரிக்காவில் அந்தச் சித்தப்பா வேலையை ஒரு கம்பெனி காசுக்குச் செய்கிறது. பின்னால் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி இருக்கும். ‘இவன் வாய்தாவுக்கு வராவிட்டால் 50,000 டாலரை நாங்கள் கட்டுகிறோம்’ என்று அது கோர்ட்டுக்கு எழுதிக் கொடுக்கிறது. அந்த எழுத்துதான் பாண்ட். அதற்கான கூலிதான் நீங்கள் கொடுக்கும் பத்து சதவீதம். கார் இன்சூரன்ஸ் பிரீமியம் மாதிரி: வருஷம் முழுக்க விபத்தே நடக்கவில்லை என்று திரும்பக் கேட்க முடியுமா?

திரும்ப வரும் வழியும் இருக்கிறது. முழு 50,000-ஐயும் நீங்களே ஜெயிலிலோ கோர்ட்டிலோ கட்டினால், அவன் எல்லா வாய்தாவுக்கும் ஒழுங்காக வந்திருந்தால், வழக்கு முடிந்து சில வாரங்களில் கட்டியவர் பெயருக்கே செக் வரும். (சில மாநிலங்களில் அபராதம், கோர்ட் கட்டணம் என்று அதிலிருந்து பிடித்துக்கொள்வதும் உண்டு.) வீட்டை வைத்தும் பிணை கொடுக்கலாம், கலிபோர்னியாவில் கடன் போக வீட்டின் மிச்ச மதிப்பு பெயில் தொகையைப் போல இரண்டு மடங்கு இருக்க வேண்டும். அதற்குப் பேப்பர் வேலை நாள்கணக்கில் ஆகும். அவசரத்துக்கு உதவாது.

எங்களிடம் ஐம்பதாயிரம் ஏது? ஞாயிறு சாயங்காலம் ஊரிலிருந்து மாமியார் நான்காவது முறையாக போன் செய்து, “மாப்பிள்ளை, புள்ளைய எடுத்தாச்சா?” என்று அழுதார். அதற்கு மேல் எனக்குப் பொறுமை இல்லை. ஜெயிலுக்கு எதிர்ச்சாரியிலேயே ஒரு பாண்ட் கடை, சிவப்பு நியான் விளக்கோடு, 24 மணி நேரமும் திறந்திருக்கும் ரகம். கவுன்ட்டரில் சங்கிலி போட்ட பேனா. மரியாதையாகத்தான் பேசினார்கள், காபிகூடக் கொடுத்தார்கள். கையில் 2,000, மீதி 3,000 ஆறு மாதத் தவணை என்று பேசி முடித்தேன். பதினோரு இடத்தில் இனிஷியல் போட்டேன். ஒன்றையும் படிக்கவில்லை.

பின்னால் வீட்டில் உட்கார்ந்து படித்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. கோ-சைனர் என்று நான் கையெழுத்துப் போட்டதன் பொருள் இது: இவன் வாய்தாவுக்கு வராமல் போனால் 50,000 என் தலையில். அவனைத் தேடிப் பிடிக்கும் ஆளுக்கு ஆகும் செலவு, கம்பெனியின் வக்கீல் செலவு, அவையும் என் தலையில். அவன் வீடு மாறினால் கம்பெனிக்கு உடனே சொல்ல வேண்டும். மாநிலத்தை விட்டுப் போகக் கேட்க வேண்டும். அடமானம் எதுவும் கேட்காமல், சம்பளச் சீட்டைக் (பே ஸ்டப்) காட்டியதோடு எங்களை விட்டார்கள். தொகை பெரிதாக இருந்தால் வீட்டின் மேலேயே அடமானப் பத்திரம் எழுதி வாங்குவார்கள். தவணைக்குக் கையெழுத்துப் போடும் கோ-சைனருக்குத் தனியாக ஒரு எச்சரிக்கைத் தாள் கொடுத்தாக வேண்டும் என்று 2021-இல் கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பே சொல்லியிருக்கிறது. என் பேப்பர்களில் அந்தத் தாளும் இருந்தது. அதிலும் இனிஷியல் போட்டிருந்தேன்!

அதனால் கையெழுத்துக்கு முன் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியது ‘பத்து சதவீதம் கையில் இருக்கிறதா’ என்பதல்ல. ‘இவன் ஒவ்வொரு வாய்தாவுக்கும் போவான் என்று என் வீட்டைப் பணயம் வைப்பேனா’ என்பதுதான். சொந்தத் தம்பி என்றாலும் கேட்டுக்கொள்ளுங்கள். தேதியை மறந்து ஒரு வாய்தா தவறினால்கூட வாரன்ட் போய்விடும், பாண்ட் பறிமுதல் ஆரம்பித்துவிடும். கலிபோர்னியாவில் ஆளைக் கொண்டுவந்து நிறுத்த கம்பெனிக்குப் பொதுவாக 185 நாள் அவகாசம் உண்டு. எனவே தவறிவிட்டால் ஒளியாமல், அன்றே வக்கீலைப் பிடித்துக் கோர்ட்டுக்குப் போனால் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம்.

பாண்ட் கட்டியதும் கதவு திறந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். ஏழு மணி நேரம் காரில் உட்கார்ந்திருந்தேன். திங்கள் விடிகாலை மூன்று மணிக்கு ஒரு பிளாஸ்டிக் பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். உள்ளே பெல்ட், ஷூ லேஸ், சார்ஜ் இல்லாத போன். ரூம்மேட் இருக்கும் வீட்டுக்குத் திரும்பக் கூடாது என்று தடை உத்தரவு வேறு, அதனால் எங்கள் ஹாலில் சோபா.

ஐந்தாவது வாரம் வாய்தா. வக்கீலோடு போனோம். பட்டியலில் அவன் பெயரே இல்லை. ரூம்மேட் வழக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான், அரசு வக்கீல் குற்றச்சாட்டே தாக்கல் செய்யவில்லை. எல்லோருக்கும் சந்தோஷம். நான் பாண்ட் கடைக்கு போன் போட்டு, “வழக்கே இல்லையே, மீதித் தவணை?” என்றேன். அந்தப் பெண் ரொம்பப் பொறுமையாக, அவர் வெளியே வந்த நிமிஷமே எங்கள் வேலை முடிந்துவிட்டது சார் என்றாள். அவள் சொன்னது சட்டப்படி சரி.

வக்கீல் பிறகு சொன்னதுதான் எனக்கு வலித்தது. முதலில் அவரை அழைத்திருந்தால், கோர்ட்டில் முதல் முறை நிறுத்தும்போதே நீதிபதியிடம் தொகையைக் குறைக்கவோ, சொந்த உறுதிமொழியில் காசில்லாமல் விடவோ கேட்டிருப்பாராம். மாணவன், முன்வழக்கு இல்லை, அக்கா வீடு பக்கத்தில். கிடைத்திருக்க வாய்ப்பு உண்டு. பணம் கட்ட முடியவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை உள்ளே வைப்பது அரசியல் சட்டத்துக்கு ஒவ்வாது என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றமும் 2021-இல் சொல்லியிருக்கிறது. இன்னொன்று, சொந்த வக்கீல் வைத்திருப்பவர்களுக்கு 8 சதவீதமாகக் குறைக்கும் பாண்ட் கம்பெனிகள் உண்டு. நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

காத்திருந்திருக்க வேண்டும் என்று உங்களுக்கு அறிவுரை சொல்ல மாட்டேன். ஜெயில் ஜெயில்தான். தம்பிக்கு இன்சுலின் மாதிரி மருந்து வேண்டும், வேலை போய்விடும் என்றால் கட்டி எடுங்கள். ஆனால் முதல் போன் வக்கீலுக்கு, இரண்டாவதுதான் பாண்ட் கடைக்கு.

தம்பி விசாவில் இருந்தால் இன்னொரு விஷயம். பணம் கட்டும் முன் இமிக்ரேஷன் ஹோல்ட் (அவனை எங்களிடம் ஒப்படையுங்கள் என்று குடியேற்றத் துறை கேட்டிருப்பது) இருக்கிறதா என்று ஜெயிலில் கேளுங்கள். இருந்தால், நீங்கள் கட்டிய பிறகு அவன் நேரே ஐஸ் (ICE) என்ற குடியேற்ற அமலாக்கத் துறையின் கைக்குப் போகலாம். பத்து சதவீதமும் போயிற்று. அங்கிருந்து எடுக்க இமிக்ரேஷன் பாண்ட் தனி, குறைந்தபட்சமே 1,500 டாலர். குடித்துவிட்டு ஓட்டிய கேஸ் என்றால், தண்டனை இல்லாமல் கைதானதற்கே விசா ஸ்டாம்பை ரத்து செய்கிறார்கள். இமிக்ரேஷன் வக்கீலைக் கேட்காமல் எந்தக் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள விடாதீர்கள்.

எந்த மாநிலம் என்று நீங்கள் எழுதவில்லை. இல்லினாய் 2023 செப்டம்பரிலிருந்து பணப் பெயிலையே எடுத்துவிட்டது. கென்டக்கி, ஓரிகன், விஸ்கான்சினில் பாண்ட் வியாபாரத்துக்கே அனுமதி இல்லை. நியூ ஜெர்சியில் 2017-க்குப் பிறகு பெரும்பாலும் பணம் கேட்பதில்லை. அங்கிருந்து யாராவது உங்களை அழைத்து பாண்ட் கம்பெனிக்கு உடனே பத்து சதவீதம் அனுப்பு என்றால் சந்தேகப்படுங்கள். கிஃப்ட் கார்டில் அனுப்பு என்றால், எந்த மாநிலமாக இருந்தாலும் போனை வைத்துவிடுங்கள், அது மோசடி.

வழக்கு முடிந்ததும் பாண்ட் விடுவிக்கப்பட்டது என்ற உத்தரவின் நகலை கோர்ட்டில் வாங்கி, அடமானம் வைத்ததை எழுத்துமூலம் திரும்பக் கேளுங்கள்; தானாக வராது. என் ஆறு தவணையும் முடிந்தது. மச்சினனுக்கு இப்போது வேலை. மாதம் 100 டாலர் ஸெல் (Zelle) என்ற பணம் அனுப்பும் சேவையில் அனுப்புகிறான். குறிப்பு எழுதும் இடத்தில் ஒவ்வொரு மாதமும் ஒரே வார்த்தை: பாட்டில்.